கணினியின் துயிலெடை

போர்ப் பாசறையில் உறங்கும் வேந்தனைச் சூதர் புகழ்பாடி எழுப்புதலைத் துயிலெடை நிலை என்னும் துறையாகத் தொல்காப்பியம் கூறும். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பகைவரை வென்ற களம் தெள்ளாறு. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்னும் பெயர் அவ்வெற்றியால் அவனுக்கு வாய்த்தது. அவ்வூரே இன்று தெள்ளார் என வழங்குகிறது. ஆரணிப் பட்டின் புகழ் பரவிய அவ்வட்டாரத்தில் தறியும் மடிக்கணினியும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் காணலாம். அக்கணினிக்கும் ஒரு சூதன் உண்டு. மின்விசையை அழுத்தியதும், உறங்கிக் கிடக்கும் இயங்குதளத்தைத் தேடிச் சென்று எழுப்பும் சிறு நிரலே அச்சூதன். சூதன் வழிதவறினால் வேந்தன் எழான். ஆயினும் இறந்தானும் அல்லன். இவ்வேறுபாட்டை அறியாமல் பொருளை இழந்தவர் பலர்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோசு; மற்றொன்று, சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்சை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ். ஒரு மனையில் இரு வேந்தர்! எவரை எழுப்புவது என்று வினவும் பட்டியலைத் திரையிற் காட்டுவது கிரப் என்னும் நிரல். எரிக் போலின் என்பார் 1995ஆம் ஆண்டு எழுதிய இதனைப் பின்னர் க்னூ திட்டத்தார் ஏற்று வளர்த்தனர். இதன் மூலநிரல் மறைபொருள் அன்று. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

பழைய கணினி விழித்தெழும் முறையை நோக்குவோம். மின்சாரம் பாய்ந்ததும் பயாஸ் என்னும் உள்ளமைந்த நிரல் முதலில் எழுந்து, வன்தட்டின் முதற் கூற்றைப் படிக்கிறது. அக்கூறு 512 பைட்டு அளவினது. அதில் 64 பைட்டு, வன்தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணைக்கும், 2 பைட்டு அடையாள முத்திரைக்கும் உரியன. எஞ்சிய 446 பைட்டே நிரலுக்கு உரிய இடம். யூனிகோடு முறையில் தமிழ்க்குறி ஒன்று 3 பைட்டு கொள்ளுமாதலின், ஏறத்தாழ இரண்டு குறட்பாக்கள் எழுதும் அளவே அங்கு இடமுண்டு. இத்துணைச் சிறிய இடத்தில் இருப்பவன் நேரே வேந்தனிடம் செல்ல வல்லனல்லன். அவன் அடுத்துள்ள சற்றே பெரிய பகுதியை எழுப்புவான். அப்பகுதி, லினக்சு இருக்கும் பிரிவினுள் கிரப்பின் கோப்புறையைத் தேடிப் பட்டியலைக் கொணரும். ஒருவரை ஒருவர் எழுப்பும் இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் திரை இருண்டுவிடும்.

கண்ணி அறுவது பெரும்பாலும் மனிதர் செயலாலேயே. விண்டோசை மீண்டும் நிறுவுங்கால் அது முதற் கூற்றில் தன் நிரலை எழுதிக்கொள்ளும். லினக்சு பழுதின்றி உள்ளேயே கிடக்கும், எழுப்புவார்தாம் இல்லை. இடம் போதவில்லையென்று லினக்சுப் பிரிவை அழிப்பாரும் உளர். அப்போது சூதனின் தலை முதற் கூற்றிலும், உடல் அழிந்த பிரிவிலுமாகி, விண்டோசும் எழாமற் போகும். மற்றொன்று, புதிய பிரிவு ஒன்றை உண்டாக்கியதால் பழைய பிரிவின் எண் மாறுதல். இந்நிலைகளிற் பின்னிரண்டில் கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்னும் இரு சொற்கள் மட்டும் நிற்கும். அதனைக் கண்டு அஞ்சி, வன்தட்டை முழுதும் அழித்துப் புதிதாக எழுதித் தருமாறு பழுதுபார்ப்பாரிடம் கூறிவிடுகின்றனர். சேலைக் கரைக்கு வரைந்த பூவேலை, நூல் வாங்கிய கணக்கு, மகளின் மதிப்பெண் சான்றிதழ்ப் படி யாவும் அத்துடன் போய்விடும். ஜக்கார்டுப் பெட்டியில் அட்டைகளின் வரிசை பிறழ்ந்தால் பூ பிறழும். அதற்காகத் தறியிலுள்ள பாவை அறுத்தெறிவார் இலர்.

எண் மாறிய குற்றத்தை அக்கருந்திரையிலேயே தீர்க்கலாம். 'எல்எஸ்' என்னும் கட்டளை பிரிவுகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, 'பூட்' என்பதனுள் 'கிரப்' என்னும் கோப்புறை இருக்கும் பிரிவைக் கண்டறிதல் வேண்டும். பின்னர் 'செட்' கட்டளையால் அவ்விடத்தைச் சுட்டி, 'இன்ஸ்மாட்' கட்டளையால் 'நார்மல்' என்னும் கூற்றை ஏற்றி, 'நார்மல்' என்று இட்டால் பழைய பட்டியல் தோன்றும். ஆயின் இஃது அவ்வொரு முறைக்கே பயன்படும். லினக்சு எழுந்தபின் 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளைகளை இட்டு நிலையாக எழுதாவிடின் மறுநாளும் அதே இருளே.

விண்டோசு முதற் கூற்றைக் கைப்பற்றியிருந்தால், லினக்சை ஒரு பென் டிரைவிலிருந்து இயக்கி, உள்ளிருக்கும் பழைய லினக்சுப் பிரிவை இணைத்து, கிரப்பை மீண்டும் எழுதவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரிவின்மேல் எழுதாமல் முழுத்தட்டின்மேல் எழுதவேண்டும். எத்தட்டு என்பதையும் அதன் கொள்ளளவைப் பார்த்தே உறுதிசெய்யவேண்டும். பென் டிரைவே முதல் தட்டாகப் பெயர்பெற்று நிற்பதும் உண்டு. லினக்சுப் பிரிவு அழிந்தே போயிருந்தால், விண்டோசின் பழுதுநீக்கும் தட்டைக்கொண்டு அதன் நிரலை முதற் கூற்றில் எழுதுதலே வழி.

வன்தட்டு 'டக் டக்'கென்று ஒலித்தாலோ, பயாஸின் பட்டியலிலேயே அது காணப்படாவிட்டாலோ, குற்றம் கிரப்பினது அன்று. அந்நிலையில் எதனையும் எழுத முனையாமல், படிக்க இயலும் கோப்புகளை வேறிடத்திற் படியெடுப்பதே முதற்செயல். யூஇஎஃப்ஐ முறையில் எழும் புதிய கணினிகளில் இச்சூதனுக்குத் தனிப்பிரிவே உண்டு. ஆதலின் 446 பைட்டு நெருக்கடி அவற்றுக்கு இல்லை.

விண்டோசின் 7ஆம் பதிப்புக்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14ஆம் நாளோடு நின்றமையால், பழைய கணினிகளில் புதிய லினக்சை நிறுவுவோர் உளர். அவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. லினக்சு எழுகிறது, பட்டியலில் விண்டோசின் பெயரைக் காணோம். அழிந்ததோ? அழியவில்லை. 2021ஆம் ஆண்டு வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதற்குரிய ஒரு வரியை மாற்றி, 'அப்டேட்-கிரப்' கட்டளையை மீண்டும் இட்டால், லினக்சின் பெயருக்குக் கீழே விண்டோசின் பெயரும் வந்து நிற்கும்.