நிரல் நூலகத்தில் சிறப்பு இணைய முகவரிகளைக் குறிக்கும் முறை: பைத்தானை முன்வைத்து

நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வட்டாரத்தில் 'வேலூர்' என்றால் அது காவிரிக் கரையிலுள்ள ஊரையே குறிக்கும். மாவட்டத்திற்கு வெளியே அப்பெயர் பாலாற்றங்கரை நகரைச் சுட்டுவதால், அவ்வூர் 'பரமத்தி வேலூர்' என அடை பெறுகிறது. இணையத்திலும் இடம் சார்ந்தே பொருள்படும் முகவரிகள் உண்டு. 192.168.1.1 என்பது எண்ணற்ற வீடுகளின் ரவுட்டர்களுக்கு ஒரே வேளையில் உரிய முகவரி. அந்தந்த வலையமைப்புக்குள் மட்டுமே அதற்குப் பொருளுண்டு.

1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்னும் ஆவணம் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் மூன்று தொகுதிகளைத் தனிப் பயன்பாட்டிற்கு ஒதுக்கியது. 127 எனத் தொடங்குவன கணினி தன்னையே அழைக்கும் மீள்சுற்று முகவரிகள். பயனர் தரும் முகவரிக்குச் சென்று படத்தை எடுத்துவரும் வழங்கி, இவ்வகை முகவரியையும் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தின் உள்வலையமைப்பு வெளியாருக்குத் திறந்துவிடும். எனவே முகவரியின் வகையை அறிவது பாதுகாப்புத் தேவையாகும்.

2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 பதிப்பில் அறிமுகமான 'ஐபிஅட்ரஸ்' நூலகம், முகவரியை வெறும் எழுத்துச்சரமாக அன்றி, பண்புகள் கொண்ட பொருளாகக் குறிக்கிறது. தனிமுகவரியா, மீள்சுற்றா, உலகளாவியதா என்று அப்பொருளிடமே வினவலாம். விடை ஆம் அல்லது இல்லை. தனிமுகவரி அன்று எனில் உலகளாவியது என்று கொள்ளத் தோன்றும். இங்குதான் பலர் பிழை செய்கின்றனர். சேவை நிறுவனங்களின் பகிர்வுக்கென 2012இல் ஒதுக்கப்பட்ட 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகளுக்கு இரு வினாக்களுக்கும் 'இல்லை' என்பதே விடை.

எழுதும் முறையிலும் சிக்கல் எழுந்தது. 3.8 பதிப்பு முதல் எண்களின் முன்னுள்ள சுழியத்தை இந்நூலகம் பொருட்படுத்தவில்லை. 012.1.2.3 என்பதை அது 12.1.2.3 என்னும் பொதுமுகவரியாகப் படித்தது. முன்சுழியத்தை எண்மமுறையின் அடையாளமாகக் கொள்ளும் பழைய சி மொழி மரபிலோ அது 10.1.2.3, அதாவது தனிமுகவரி. சோதிக்கும் நிரல் ஒன்றாகவும் இணைக்கும் நிரல் வேறாகவும் படித்தால் சோதனையே பயனற்றதாகிவிடும். 2021இல் வந்த 3.9.5 பதிப்பு இத்தகைய சரங்களை ஏற்க மறுத்தது. ஊகித்துப் பொருள்கொள்வதைவிட இம்மறுப்பே பொருத்தமானது.

ஒதுக்கீட்டுப் பட்டியலும் மாறக்கூடியதே. 192.0.0 எனத் தொடங்கும் சிறப்புத் தொகுதிக்குள் 192.0.0.9, 192.0.0.10 ஆகிய இரண்டு மட்டும் உலகளாவியவை. பைத்தான் 2024இல் 3.12.4 பதிப்பில்தான் இவ்விலக்கை ஏற்றது. அதற்கு முந்தைய பதிப்புகள் பல கணினிகளில் இன்னும் இயங்குவதால், ஒரே வினாவுக்கு இரு கணினிகள் இருவேறு விடை தரக்கூடும்.