ஓட்டம் முடிந்தபின் நாடி

மாணவர்களே, நம் செடெனாக் திடலை ஒரு சுற்று ஓடி நின்றதும் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். துடிப்பு விரைந்து தணிவது நல்ல இதயத்தின் அடையாளம். அமெரிக்காவில் 2,428 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்குமேல் தணியாதவர்களிடையே அடுத்த ஆறாண்டுகளில் இறப்பு மிகுந்திருந்தது.

இடுப்பில் கொழுப்புச் சேர்ந்தோர்க்கு இத்தணிவு பெரும்பாலும் மெதுவாகவே நிகழும். "நான் ஒல்லிதானே" எனும் பெற்றோரே, தராசை மட்டும் நம்பிவிடாதீர். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தம்மையே ஒப்பிட்டுக் காட்டினர். உயரத்திற்கேற்ற எடை இருவர்க்கும் ஒன்றே. உடற்கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9, யாஜ்னிக்குக்கு 21! நம்மவர் பலரின் உடல்வாகும் இத்தகையதே.

பிள்ளைகளே, அப்பாவை ஓடவிட வேண்டா. தையல் நாடாவால் இடுப்பை அளந்தால் போதும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80உம் எல்லை.