ஓடும் எண்களும் நிற்கும் கேள்வியும்

லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறங்க வரும் விமானி அறிய விரும்புவது, "காற்று இப்பொழுது எப்படி?" என்பதே. ஏட்டுக் கணக்கை ஆற அமரப் புரட்டலாம். காற்றளவியின் எண்களோ ஓடிக்கொண்டே இருக்கின்றன. கேள்விதான் நிலைத்து நிற்கிறது.

வழி யாது? நகரும் சாளரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இறங்கும் விமானிக்குக் கடைசி 2 நிமிடச் சராசரி. வெளியூர் அறிக்கைக்கு 10 நிமிடச் சராசரி. இது உலக நாடுகள் ஏற்ற முறை. புதிய எண்ணைத் தொகையில் சேர்த்து, மிகப் பழையதைக் கழித்தாற் போதும். அனைத்தையும் மீண்டும் கூட்ட வேண்டுவதில்லை.

திசையில் மட்டும் எச்சரிக்கை தேவை. 350 பாகையும் 10 பாகையும் வடக்கையே ஒட்டியவை. சராசரியோ 180, அதாவது தெற்கு! ஆகவே திசையை வடகூறு, கீழ்க்கூறு எனப் பிரித்தே கூட்டுவர். சராசரி திடீர் வீச்சையும் மறைக்கும். அதற்கென 3 வினாடிச் சாளரமும் உடன் ஓடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. அத்தகைய வேளையில் சில எண்கள் பிந்தி வரக்கூடும். அவற்றை, வந்த நேரத்தில் அன்று, அளந்த நேரத்திலேயே சேர்த்தல் வேண்டும். அவற்றுக்காக நெடிது காத்திருந்தால் விடை பயனற்றுப் போம், காத்திராவிடில் பிழைபடும். இவ்விரண்டையும் சீர்தூக்குவதே இக்கலையின் உயிர்நிலை.