பொங்கல் பானைக்குள்ளே தசமக் கணக்கு!

"கூட்டல், பெருக்கல் எல்லாம் வருதும்மா. இந்தப் புள்ளி வெச்ச கணக்குதான் மண்டையில ஏறவே மாட்டேங்குது!"

உங்கள் வீட்டுச் செல்வமும் இப்படிச் சிணுங்குகிறதா? டியூஷனுக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்து பாருங்களேன். பொங்கல் விடுமுறை வருகிறதல்லவா? சர்க்கரைப் பொங்கலுக்குத் திட்டம் போடும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படைத்து விடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் உங்கள் சமையலறையும் போதும்.

நம் நாட்டில் 1957 ஏப்ரல் முதல் தேதி, 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவாக மாறியது. அதன் பிறகு பிறந்தவர்களுக்கெல்லாம் பத்துப் பைசாவும் இருபத்தைந்து பைசாவுமே தசமத்தைச் சொல்லிக் கொடுத்தன. கடலை மிட்டாய் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணினாலே பாடம் முடிந்துவிடும். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் பைசாவே புரள்வதில்லை. புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படிப் புரியும்? சில்லறை செய்த வேலையை இனி தராசுதான் செய்ய வேண்டும்.

வாயில் வரும் சொல்லிலிருந்து

கால், அரை, முக்கால் என்று நாம் தினமும் சொல்கிறோம். கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு அதையே வேறு விதமாகக் காட்டுகிறது. கால் கிலோ 0.250. அரை கிலோ 0.500. முக்கால் கிலோ 0.750. பாட்டி சொல்லும் அரைக்கால் 0.125. முதல் நாள் இதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு கேளுங்கள்: "0.5 பெரிசா, 0.25 பெரிசா?" பல குழந்தைகள் "இருபத்தஞ்சுதான் பெரிசு" என்று பட்டென்று சொல்லும். திட்டாதீர்கள். அரை கிலோ அரிசியையும் கால் கிலோ அரிசியையும் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கை சொன்ன பதில் மறக்காது. 0.25 என்பதைப் "புள்ளி இருபத்தைந்து" என்று படிக்காமல், "புள்ளி இரண்டு ஐந்து" என்று படிக்கப் பழக்கினால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

பட்டியல் போடலாமா?

எட்டுப் பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 0.05 கிலோ பச்சரிசி. எட்டால் பெருக்கினால் 0.4 கிலோ. மற்ற சாமான்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் கிலோவில் எழுதுங்கள்:

பச்சரிசி – 0.400
பாசிப்பருப்பு – 0.100
வெல்லம் – 0.600
நெய் – 0.150
முந்திரி – 0.050
திராட்சை – 0.025
மொத்தம் – 1.325

புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வர வேண்டும். குழந்தை புள்ளியைக் கவனிக்காமல் 4, 1, 6, 15, 5, 25 என்று கூட்டி 0.56 என்று எழுதினால், "அரிசியும் வெல்லமும் சேர்ந்தாலே ஒரு கிலோ ஆச்சே, மொத்தம் அதைவிடக் குறையுமா கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். தப்பைத் தானே கண்டுபிடித்துவிடும். விடை சரிதானா என்று தானே யோசிக்கிற பழக்கமும் கூடவே வரும்.

திடீரென்று அத்தையும் மாமாவும் வருவதாகப் போன் வருகிறது! எட்டுப் பேர் பத்துப் பேர் ஆகிறார்கள். பத்தை எட்டால் வகுத்தால் 1.25. எல்லா அளவையும் 1.25 ஆல் பெருக்க வேண்டியதுதான். அரிசி 0.5, பருப்பு 0.125, வெல்லம் 0.75. அதாவது அரை கிலோ, அரைக்கால் கிலோ, முக்கால் கிலோ!

கடைத்தெருவில்

குழந்தையையும் கடைக்கு அழைத்துப் போங்கள். பீன்ஸ் கிலோ 60 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால், 0.75 கிலோவுக்கு எவ்வளவு? 45 ரூபாய். "பெருக்கினா கூடத்தானே செய்யணும்? ஏம்மா குறைஞ்சுது?" என்று குழந்தை கேட்டால் சந்தோஷப்படுங்கள். ஒரு கிலோவுக்கும் குறைவாக வாங்கும்போது ஒரு கிலோ விலையைவிடக் குறைவாகத்தானே கொடுப்போம்!

வகுத்தலில் இதற்கு நேர்மாறு. 2 லிட்டர் பாயசத்தை 0.2 லிட்டர் பிடிக்கும் டம்ளரில் ஊற்றினால் பத்து டம்ளர். இரண்டை வகுத்துப் பத்து வருகிறது! ஊற்றிக் காட்டிவிட்டால் சந்தேகமே எழாது.

ஏமாற்றும் புள்ளிகள்

எல்லாப் புள்ளியும் தசமப் புள்ளி அல்ல என்பதையும் சொல்லி வையுங்கள். 1.30 மணி நேரம் என்று எழுதினால் ஒன்றரை மணி நேரம். தசமத்தில் அது 1.5. ஒரு மணிக்கு 60 நிமிடம் அல்லவா? கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது உண்மையில் நாலரை ஓவர்.

மதிப்பெண் மட்டுமல்ல...

பரீட்சையில் புள்ளி தவறினால் மார்க்தான் போகும். மருந்தில் தவறினால்? டாக்டர் 2.5 மில்லி என்று எழுதியதை 25 என்று படித்துவிட்டால், பத்து மடங்கு மருந்து குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். இதனால்தான் .5 என்று எழுதாமல் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 5 என்பதை 5.0 என்று எழுதக்கூடாது என்று மருத்துவத் துறையில் வலியுறுத்துகிறார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டுத் தெளிந்த பிறகே கொடுங்கள். சமையல் ஸ்பூனில் அளக்காமல், மருந்தோடு வரும் அளவு மூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். சிரிஞ்சில் உள்ள கோடுகளை, வெறும் தண்ணீரை அளந்து, குழந்தைக்கும் காட்டிக் கொடுங்கள். நாளைக்கு அவளும் ஒரு வீட்டில் மருந்து அளப்பாள், அவனும்தான்.

சில குறிப்புகள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். முதல் நாள் எடை, மறுநாள் கூட்டல், அப்புறம் பெருக்கல், வகுத்தல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். வெல்லம் கொஞ்சம் கூடிப்போனாலும் பரவாயில்லை, "உன் கணக்குல செஞ்ச பொங்கல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிப் பரிமாறுங்கள். அந்த நோட்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். தீபாவளிக்கு லட்டு பிடிக்கும்போது மறுபடி தேவைப்படும்.