நாவில் பதியும் ஃபின்னியம்

ஃபின்னிய மொழியில் பெயர்ச்சொல் ஏற்கும் வேற்றுமைகள் 15. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் படித்த நமக்கே மலைப்பாக இருக்கும். ஆனால் சொல்லின் வாலில் உருபு சேர்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. கடை, கடையில், கடையிலிருந்து என்பதுபோல அங்கே கௌப்பா, கௌபாஸ்ஸா, கௌபாஸ்தா. இவற்றை அட்டவணை போட்டு உருப்போடுவதைவிடப் பையோடு சந்தைக்குப் போவதே மேல்.

ஹெல்சிங்கி துறைமுகத்தருகே 1889 முதல் பழைய அங்காடிக் கூடம் இருக்கிறது. பக்கத்துத் திறந்தவெளிச் சந்தையில் கோடைக்காலத்தில் ஸ்ட்ராபெரியும் பட்டாணியும் குவியும். நம் ஊரில் படியால் அளந்ததுபோல, அங்கே இவற்றை லிட்டர் கணக்கில் அளந்து தருகிறார்கள். ஸ்ட்ராபெரிக்குப் பெயர் மன்சிக்கா. ஒரு லிட்டர் கேட்டாலோ ‘லித்ரா மன்சிகோய்தா’. அளவு சொல்லிக் கேட்கும் பொருள் பகுதி வேற்றுமையை ஏற்கும் என்ற விதி, நாலு கடை ஏறி இறங்கினால் தானாகவே பிடிபட்டுவிடும்.

காரணம், கடைக்காரர் முன் நின்று சொல்லை நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும். ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றார்கள். திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் சுமார் 80 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. ஒருமுறை சரியாகச் சொன்னதும் சோதனையை நிறுத்தியவர்களுக்கு, அதன்பின் தொடர்ந்து படித்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

ருசிக்கும் மணத்துக்கும் பங்கு உண்டு. கோர்வாபூஸ்தி என்ற ரொட்டிச் சுருளில் இலவங்கப்பட்டையும் ஏலக்காயும் மணக்கும். 2006இல் ஸ்பெயினில் நடந்த மூளைப்பட ஆய்வில், இலவங்கப்பட்டை போன்ற மணமுள்ள பொருள்களின் பெயரைத் தாய்மொழியில் வாசித்தபோதே முகர்வுக்கான மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. புதிய மொழிச் சொல்லுக்கும் அப்படியொரு பிணைப்பு வேண்டுமானால், அந்தப் பண்டத்தை முகர்ந்தும் கடித்தும் பார்ப்பதுதான் இயல்பான வழி.

சல்மியாக்கியை விட்டுவிடக் கூடாது. அதிமதுரச் சாற்றில் அம்மோனியம் குளோரைடு கலந்த கறுப்பு மிட்டாய் அது. பாத்திரத்துக்கு ஈயம் பூச நாம் பயன்படுத்திய அதே நவச்சாரம்! 2023இல் எமிலி லீமனின் அமெரிக்க ஆய்வுக் குழு, நாவின் சுவைச் செல்களில் உள்ள ‘ஓடாப்1’ என்ற புரதம் இதை உணர்கிறது என்று காட்டியது. புளிப்பை உணர்வதும் அதே புரதம்தான். வாயைக் கூசவைக்கும் அந்த உவர்ப்போடு கேட்ட பெயர் எளிதில் மறக்காது.

தொடங்குவதற்கு ஒரு வாக்கியம் போதும்: ‘சாக்கோ மைஸ்தா?’ ருசித்துப் பார்க்கலாமா என்று கேட்பது அது. நீங்கள் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடக்கூடும். விடாமல் ஃபின்னியத்திலேயே கேளுங்கள். அடுத்த வாரம் அதே கடைக்குக் குறிப்புச் சீட்டு இல்லாமல் போங்கள்.