பரணில் கிடக்கும் டேப் ரிக்கார்டர் என்ன விலைக்குப் போகும்?

ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் உள்ள வீடு என்றால் சாலில் தனி மரியாதை. துபாய், மஸ்கட் என்று வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் பெட்டி படுக்கையோடு ஒரு "டூ-இன்-ஒன்"னையும் தோளில் தொங்கவிட்டு வருவார்கள். அதற்குத் துணியில் உறை தைத்து, பூ வேலையும் செய்து வைத்த வீடுகள் உண்டு. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் கொடுப்பதென்றால் ஆயிரம் யோசனை!

அந்தப் பெட்டி இன்று பரணில் கிடக்கிறது. வீடு மாறும்போதோ, வெள்ளை அடிக்கும்போதோ கீழே இறங்குகிறது. "பங்கார்" என்று கூவி வருபவர் அதைத் தராசில் வைக்கிறார். பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, செம்புக் கம்பிக்கு ஒரு விலை. தாராவியில் போட்டால் 13-வது காம்பவுண்டு வரை போய்த் தூளாகிவிடும்.

அதே மும்பையில், சோர் பஜார் மட்டன் தெருவில், பழைய கிராமபோன்களுக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டர்களைத் துடைத்து வைத்து விற்கிறார்கள். அங்கே தராசு கிடையாது, பேரம்தான். வெள்ளிக்கிழமை மட்டன் தெருக் கடைகளுக்கு விடுமுறை என்பதைப் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

எல்லாப் பெட்டிக்கும் மவுசு இல்லை

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுவது நல்லது. சாதாரண டூ-இன்-ஒன்னுக்குப் பெரிய விலை கிடைக்காது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் செய்து தள்ளிய சரக்கு அது. ஓடுகிற நிலையில், மூடியும் பொத்தான்களும் உடையாமல் இருந்தால், அலங்காரத்துக்கு வாங்குவோர் உண்டு. பழைய காலக் கதையைப் படம் பிடிப்பவர்களுக்கும் இது தேவைப்படுகிறது. ஆனால் "அப்பா அந்தக் காலத்தில் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது" என்ற கணக்கு சந்தையில் செல்லாது.

விலை போவது வேறு வகை. ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த "டிராகன்" என்ற கேசட் டெக், பழுது பார்த்த நிலையில் வெளிநாடுகளில் இன்றும் சில ஆயிரம் டாலர் பெறும். சோனி 1979-ல் வெளியிட்ட முதல் வாக்மேன் நீலமும் வெள்ளியுமான சின்னப் பெட்டி. இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகளும், ஆரஞ்சு நிறப் பொத்தானும் அதன் அடையாளம். 2014-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் இதை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகு தேடுவோர் பெருகினர். சினிமா நம் ஊரில் மட்டும்தான் ஆளை ஆட்டிவைக்கிறது என்று எண்ணவேண்டாம்!

பெரிய சக்கரங்களில் நாடா சுற்றும் ஸ்பூல் வகைக்கு மதிப்பு இன்னும் கூடுதல். ரெவாக்ஸ் "பி-77" 1977-ல் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க ஆள் உண்டு. பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த அந்தக் கருவியை, அந்த நிறுவனமே புதுப்பித்து மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

புதுச் சரக்கு கேசட் பக்கமும் இல்லாமல் இல்லை. ஆனால் இன்று வரும் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது மலிவான ஒரே மாதிரி இயந்திரம். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியும் அவற்றில் கிடையாது. பழைய நல்ல கருவிகளின் விலை இறங்காததற்கு இதுவே காரணம்.

ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் ஒரு விலை

ஆண்டுக்கணக்கில் ஓடாத பெட்டியை எடுத்தவுடன் பிளக்கில் சொருகுவது தவறு. உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் பல பெட்டிகளில் தார் போல உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகியிருக்கும். பேட்டரியை எடுக்காமல் வைத்திருந்தால் அது கசிந்து கம்பிச் சுருளை அரித்திருக்கும். பெல்ட்டும் உருளையும் அற்பப் பொருள்கள், மாற்றிவிடலாம். "ஹெட்" தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால்தான் செலவு. அனுபவமுள்ள வியாபாரி முதலில் அதைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்.

மின்சாரமும் ஒரு விஷயம். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். அமெரிக்காவிலிருந்து வந்த சில ஸ்பூல் கருவிகள் 60 சைக்கிள் மின்சாரத்துக்கு ஏற்றவை. இங்கே 50 சைக்கிள் என்பதால், டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் பாட்டு இழுத்துக்கொண்டுதான் பாடும். பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

விற்பவர்கள் பலரும் மறப்பது பெட்டிக்குள் இருக்கும் கேசட்டை. டிரங்க் கால் போட்டு மூன்று நிமிடம் பேசவே கை நடுங்கிய காலத்தில், வளைகுடாவிலிருந்து குரலைப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதைக் கேட்டு, பதிலையும் அதே கேசட்டின் மறுபக்கம் பேசி அனுப்பினாள். அந்தத் தாயும் இன்று இல்லாத வீடுகள் எத்தனை? வியாபாரி, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். அரை நிமிடக் குரல் அந்த இடத்திலேயே அழிந்துவிடும்.

எனவே விற்பதற்கு முன் கேசட்டை எடுத்து, ஒரு முறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றி, நாடாவின் ஒட்டலை விடுவிக்க வேண்டும். மழைக்காலப் பூசணம் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஓட்டவே கூடாது. ஹெட்டிலும் பரவி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், திருகு ஆணி வைத்த வேறு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். பெட்டியின் இயர்போன் துளையிலிருந்து தகுந்த ஒயர் மூலம் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், அவசரப்பட வழியில்லை.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று. கேசட்டின் பின் விளிம்பில், இரு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் ஒடித்துவிட்டால் பதிவுப் பொத்தான் உள்ளே இறங்காது. பின்னால் எப்போதாவது அதில் பதிவு செய்யத் தோன்றினால், அந்தக் குழியின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளலாம்.