பூவாடைக்காரி: வீட்டுத் தெய்வமாகும் தாய்

குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த பெண்களை வீட்டுச் சாமியாகக் கும்பிடும் வழக்கத்துக்கு வட தமிழ்நாட்டில் பூவாடைக்காரி வழிபாடு என்று பெயர். பூவும் பொட்டுமாக இறந்த தாய், பாட்டி, கல்யாணம் ஆகாமல் மறைந்த பெண் ஆகியோருக்கு இதில் முதலிடம். வீட்டில் திருமணம் போன்ற நல்ல காரியம் நடக்கும் முன் அவர்களை அழைத்து உத்தரவு கேட்பதே இதன் சாரம்.

இந்த வழக்கம் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் போரிட்டு மாண்ட வீரர்களின் கற்கள் வயல்வெளிகளிலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நிற்கின்றன. அந்தக் கற்களில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் குறைவு. கணவனோடு உயிர்விட்டவளுக்கே பெரும்பாலும் கல் எழுந்தது. கேழ்வரகு விதைத்து, மாடு மேய்த்து, பிள்ளைகளை ஆளாக்கிய தாய்க்குக் கல் கிடைக்கவில்லை. அவள் நினைவைக் காத்தவை ஒப்பாரியும் பூவாடையும்தான்.

ஒப்பாரி, ஒரு பெண்ணின் வாழ்க்கையை மற்றப் பெண்கள் சொல்லியழும் வாய்மொழி வரலாறு. பிறந்த வீட்டுச் சீர், பட்ட கடன், பெற்று வளர்த்த பாடு, பேரப்பிள்ளைகள் மேல் வைத்த ஆசை எல்லாம் அதில் வந்துவிடும். பால் தெளிப்பும் கருமாதியும் முடிந்தால் துக்கச் சடங்குகள் ஒரு முடிவுக்கு வரும். அதன் பிறகும் உறவு அறுந்துபோகாமல் காப்பது பூவாடை.

கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, குடும்பத்தார் பம்பைக்காரர்களோடு கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போகிறார்கள். புதுப் புடவை, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், வளையல், பூ எல்லாம் தட்டில் இருக்கும். பம்பையும் உடுக்கையும் முழங்க, இறந்தவரைப் பாட்டில் அழைக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு அருள் வரும். வந்தது யார் என்று விசாரிப்பார்கள். மனக்குறை இருந்தால் கேட்டுச் சமாதானம் சொல்வார்கள். “கல்யாணத்தை நல்லபடியா நடத்திக் குடு, தாயே” என்று வேண்டி, சம்மதம் கிடைத்ததும் நீர் நிறைந்த கலசத்தில் அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கலசத்துக்கு முன் புடவை சாத்தி, அவள் விரும்பிச் சாப்பிட்டதைப் படையலிடுவார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். சில வீடுகளில் பம்பை இல்லாமல் படையல் மட்டும் உண்டு.

இதையொத்த வழக்கங்கள் பிற சமூகங்களிலும் உள்ளன. பிராமணர் வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை நடக்கிறது. மகாளய பட்சத்து நவமி, சுமங்கலியாக இறந்தவர்களுக்கு உரிய நாள். சிராத்தத்தில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என மூன்று தலைமுறைப் பெண்களும் நினைக்கப்படுகிறார்கள். குஜராத்தின் சித்பூர், தாய்க்கென்றே சிராத்தம் செய்யும் தலமாக விளங்குகிறது. கிறித்தவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைப் பூவாலும் மெழுகுவத்தியாலும் அலங்கரித்து வேண்டுகிறார்கள்.

மீண்டும் கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால், வாழ்க்கையும் நினைவு முறையும் மாறிவருவதைக் காணலாம். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குருபரப்பள்ளி, தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை வட்டாரம். ஆயா, அவ்வா, அஜ்ஜி என்று பாட்டியை அழைக்கும் சொற்களும் இங்கு பல. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வயலை நம்பிய வாழ்க்கை ஷிப்டு வேலைக்கு மாறிவருகிறது. இத்தகைய ஊர்களில் நினைவு நாள் வந்தால் படம் போட்ட நினைவஞ்சலி பேனர் வைப்பதும் பெருகியிருக்கிறது.

பூவாடைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் அவரவர் பெயர் மங்கி, எல்லாரும் பூவாடைக்காரி என்ற ஒரே பெயருக்குள் கலந்துவிடுகிறார்கள். வழிபாடு உறவைக் காக்கும். தனி வாழ்க்கையைக் காக்க எழுத்து வேண்டும். பாட்டியின் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, பாடிய பாட்டு, சொன்ன கதை ஆகியவற்றை அவரை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைத்தால், அடுத்த தலைமுறை கும்பிடுவது இன்னார் என்று அறிந்தே கும்பிடும்.